"நெட் வரலை" என்றால் எது வரலை?

"நெட் வரலை" என்ற இரண்டே சொற்களை எத்தனையோ கோளாறுகளுக்குப் பொதுப்பெயராக வைத்திருக்கிறோம். ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் நெட் வரலை. வங்கியின் தளம் மட்டும் திறக்காவிட்டாலும் நெட் வரலை. ரயில் நிலைய வைஃபையில் வெள்ளைப் பக்கம் அப்படியே நின்றாலும், குரோமில் அந்தக் குட்டி டைனோசர் வந்தாலும், "உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல" என்று எச்சரிக்கை வந்தாலும் அதே பெயர்தான். நோய்க்குப் பெயர் ஒன்று என்பதால் மருந்தும் ஒன்றாகிவிட்டது. ரவுட்டரை அணைத்துப் போடு, பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் கேஷை அழி, பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி போடு, அதற்கும் மசியாவிட்டால் விண்டோஸையே ஃபார்மட் செய். கணினியின் தேதியைத் திருத்தினால் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து, குடும்பப் படங்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

பிரவுசர் என்பது குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், சஃபாரி போல இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள். ஒரு தளத்தின் பெயரைத் தட்டி என்டர் அழுத்தியதும் அது ஒரே பாய்ச்சலில் அங்கே போய்விடுவதில்லை. சில காரியங்கள் அடுத்தடுத்து நடக்க வேண்டும். முந்தையது முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும். ஆகவே "என்ன கெட்டுப்போச்சு?" என்று ஆரம்பிப்பதைவிட "எதுவரை போகிறது?" என்று கேட்டால் விடை சீக்கிரம் கிடைக்கும்.

## வெளியூர்க் கல்யாணம்

வெளியூரில் ஒரு கல்யாணம். மண்டபத்தின் பெயர் மட்டும் தெரியும், எங்கே இருக்கிறது என்று தெரியாது. முதலில் வீட்டை விட்டுத் தெருமுனைக்கு வர வேண்டும். அங்கிருந்து பெரிய ரோட்டுக்குப் போய் பஸ் பிடிக்க வேண்டும். விவரம் தெரிந்த ஒருவரிடம் மண்டபத்தின் விலாசம் கேட்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் வாசலில் வைத்திருக்கும் பலகையில் மணமக்கள் பெயரையும் தேதியையும் பார்த்து, வந்தது நம் கல்யாணம்தானா என்று உறுதி செய்துகொண்டு உள்ளே நுழைய வேண்டும்.

பிரவுசரின் பயணமும் ஏறக்குறைய இதே வரிசைதான். வீடு உங்கள் கணினி அல்லது போன். தெருமுனை ரவுட்டர். பெரிய ரோடு உங்களுக்கு இணையம் தரும் நிறுவனத்தின் லைன். விலாசம் சொல்கிறவர் டிஎன்எஸ். வாசல் பலகை, அந்தத் தளத்தின் சான்றிதழ். இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக விளக்குகிறேன். இப்போதைக்கு வரிசை மனதில் நின்றால் போதும்.

## வைஃபை குறி எதைச் சொல்கிறது?

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். "வைஃபை ஃபுல்லா காட்டுது, ஆனா நெட் வரலை" என்பார்கள். வைஃபை குறி முழுதாக இருந்தால், உங்கள் கருவிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் அலை நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள். ரவுட்டர் என்பது வீட்டிலுள்ள போன், லேப்டாப், டிவி எல்லாவற்றையும் வெளியே போகும் ஒரே லைனோடு சேர்த்துவிடும் பெட்டி. அந்த லைன் அறுந்து கிடந்தாலும் வைஃபை குறி முழுதாகத்தான் நிற்கும். தெருமுனை வரை ரோடு நன்றாக இருக்கிறது என்பதால் பஸ் ஓடுகிறது என்று ஆகிவிடாதே.

இந்த முதல் கட்டத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. பெரும்பாலான ரவுட்டர்களுக்குள்ளேயே ஒரு சின்ன இணையப் பக்கம் இருக்கும். அதன் முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அச்சாகியிருக்கும், 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பதுபோல வரும். பிரவுசரின் முகவரிப் பட்டியில் அந்த எண்ணைத் தட்டுங்கள். ரவுட்டரின் லாகின் பக்கம் திறந்தால், உங்கள் பிரவுசர் வேலை செய்கிறது, வைஃபை வேலை செய்கிறது. வெளியே இணையமே இல்லாதபோதும் இந்தப் பக்கம் திறக்கும். பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி போடும் யோசனையை இந்த ஒரு சோதனை முடித்துவைத்துவிடும்.

அந்த எண்தான் ஐபி முகவரி. ஒரு வலையமைப்பில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கப்படும் அடையாள எண் அது. உங்கள் லேப்டாப்புக்கும் ரவுட்டர் ஓர் எண்ணைக் கொடுத்திருக்கும். வைஃபை விவரங்களில் அந்த எண்ணைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அந்த எண்ணோடு வெளியே போக முடியாது. வைஃபையைத் துண்டித்து மறுபடி சேர்ப்பதும், ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுவதும் நிஜமாகவே உதவும் சமயம் இது.

## தெருமுனைக்கு அப்பால்

ரவுட்டர் பக்கம் திறக்கிறது, வெளித் தளங்கள் எதுவும் திறக்கவில்லை. சரி, இப்போது லைனைப் பார்க்க வேண்டும்.

ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு விடை சுவரிலேயே இருக்கிறது. கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய ஒரு விளக்கு இருக்கும். வர வேண்டிய ஒளி வரவில்லை என்பதைச் சொல்வதற்காகவே அது இருக்கிறது. அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ இழை எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது. பெட்டியின் பின்னால் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் புகார் கொடுப்பதைத் தவிர நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. பிரவுசரைத் தொடவே வேண்டாம்.

விளக்கெல்லாம் பச்சையாக இருந்தும் வரவில்லை என்றால் மாதக் கட்டணம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவுக்குச் சாதாரணமான காரணம், ஆனால் அடிக்கடி நடப்பது.

இன்னொரு சோதனை, எனக்கு மிகவும் பிடித்தது. போனில் மொபைல் டேட்டாவைப் போட்டு, ஹாட்ஸ்பாட் திறந்து, லேப்டாப்பை அதில் சேருங்கள். பக்கங்கள் உடனே திறந்தால் லேப்டாப்பும் பிரவுசரும் நிரபராதிகள். கோளாறு வீட்டு ரவுட்டரிலோ லைனிலோ இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டிலும் திறக்கவில்லை, ஆனால் போனில் திறக்கிறது என்றால் லேப்டாப்பில்தான் ஏதோ இருக்கிறது. பாதி உலகத்தை இந்த ஒரு சோதனையால் ஒதுக்கிவிடலாம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ரவுட்டர் பக்கம் திறப்பது வீட்டுக்குள் எல்லாம் சரி என்பதற்கு அடையாளம். ஹாட்ஸ்பாட் சோதனை, குற்றம் லைன் பக்கமா கருவி பக்கமா என்று பிரித்துக் காட்டுகிறது. அடுத்து வருவதுதான் பலரும் அறியாத கட்டம்.

## விலாசம் சொல்கிறவர்

இணையத்தில் தரவு எண்களை வைத்துத்தான் பயணம் செய்கிறது. நாமோ பெயர்களைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் ஏற்பாட்டுக்குத்தான் டிஎன்எஸ் என்று பெயர். பிரவுசர் எந்தப் புதுத் தளத்துக்குப் போனாலும் முதலில் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம், அதாவது கேட்பவர்களுக்குப் பதில் தரும் கணினியிடம், "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறது.

தொடக்க காலத்தில் இந்த ஏற்பாடு இல்லை. அர்ப்பாநெட் என்ற அமெரிக்க வலையமைப்பு சின்னதாக இருந்தபோது, எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் எஸ்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக ஒரே பட்டியல் தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ், பட்டியலைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஎன்எஸ் முறையை வகுத்தார். இன்று நீங்கள் திறக்கும் ஒவ்வொரு தளமும் அந்த முறையின் வழியாகத்தான் திறக்கிறது.

லைன் நன்றாக இருந்து, விலாசம் சொல்ல மட்டும் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பஸ் ஓடுகிறது, கையில் காசு இருக்கிறது, எங்கே இறங்குவது என்றுதான் தெரியாது. பிரவுசரில் ஒரு தளமும் திறக்காது. ஆனால் வாட்ஸ்அப் போன்ற செயலி முன்பே திறந்து வைத்திருந்த இணைப்பிலேயே கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கலாம். "வாட்ஸ்அப் வருது, குரோம்தான் வரலை, அப்போ குரோம்தான் கெட்டுப்போச்சு" என்ற முடிவு இங்கிருந்துதான் பிறக்கிறது. குரோமைக் குற்றம் சொல்லும் முன் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படுங்கள்.

எந்த டிஎன்எஸ் சர்வரிடம் கேட்பது என்பது கணினியின் அமைப்பில் இருக்கும் ஓர் எண்தான், ஆனால் அது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிஜக் கதை உண்டு. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீங்கு மென்பொருள் உலகம் முழுவதும் சுமார் 40 லட்சம் கணினிகளில் புகுந்து, அவற்றின் டிஎன்எஸ் அமைப்பை மாற்றிவிட்டது. விலாசம் கேட்டால் மோசடிக்காரர்களின் சர்வர்கள் தங்களுக்கு வேண்டிய இடத்தைக் கைகாட்டின. 2011 நவம்பரில், அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ நடத்திய விசாரணையில் அந்தக் கும்பல் பிடிபட்டது. பிடித்த கையோடு சர்வர்களை நிறுத்தியிருந்தால் பாதிக்கப்பட்ட கணினிகள் எல்லாவற்றிலும் ஒரே நொடியில் இணையம் நின்றிருக்கும். அதனால் நீதிமன்ற அனுமதி பெற்று, அதே எண்களில் நேர்மையான சர்வர்களை மாதக்கணக்கில் ஓட்டினார்கள். 2012 ஜூலை 9-ஆம் தேதி அவை நிறுத்தப்பட்டன. அதுவரை கணினியைச் சுத்தம் செய்யாதவர்களுக்கு லைன் இருந்தது, பிரவுசர் இருந்தது, பெயர்கள் மட்டும் திறக்கவில்லை.

கோளாறு இங்கேதானா என்று எப்படி அறிவது? பிழைச் செய்தியின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் வரியைப் படியுங்கள். குரோமில் அதில் டிஎன்எஸ் என்ற எழுத்துகளோ, "நேம் நாட் ரிசால்வ்டு" என்ற சொற்களோ இருந்தால், பெயருக்கு விலாசம் கிடைக்கவில்லை என்று பொருள். என்எக்ஸ்டொமைன் என்று முடிந்தால், "அப்படி ஒரு பெயரே இல்லை" என்ற பதில் வந்திருக்கிறது. அப்போது முதலில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸில் இன்னும் உறுதியாகப் பார்க்கலாம். கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று எழுதி, இடைவெளி விட்டு 8.8.8.8 என்று தட்டுங்கள். பிங் என்பது ஒரு முகவரிக்குச் சின்னத் தகவலை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. 8.8.8.8 கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர். எண்ணுக்குப் பதில் வருகிறது, ஆனால் பிங் என்பதோடு ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் "கண்டுபிடிக்க முடியவில்லை" என்கிறது என்றால் குற்றவாளி டிஎன்எஸ்தான். சந்தேகமே வேண்டாம்.

சரி செய்வதும் சுலபம். உங்கள் இணைய நிறுவனம் கொடுத்த டிஎன்எஸ்ஸுக்குப் பதிலாக ஒரு பொது டிஎன்எஸ்ஸை வைஃபை அமைப்பிலோ ரவுட்டரிலோ போடலாம். கூகுளின் 8.8.8.8 2009 முதல் இருக்கிறது, கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் 1.1.1.1 2018-இல் வந்தது. ஒன்றை முதலாவதாகவும் மற்றதை இரண்டாவதாகவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அலுவலகக் கணினியில் இதை மாற்றாதீர்கள். அலுவலகத்துக்குள் மட்டும் தெரியும் பெயர்கள் இந்தப் பொதுச் சர்வர்களுக்குத் தெரியாது.

போனில் இதற்கு நேர்மாறான விபத்து நடக்கிறது. ஆண்ட்ராய்டு 9 முதல் "தனிப்பட்ட டிஎன்எஸ்" என்று ஓர் அமைப்பு இருக்கிறது. விளம்பரம் வராமல் இருக்க யாரோ ஒரு வீடியோவில் சொன்ன பெயரை அதில் போட்டிருப்போம், அப்புறம் மறந்திருப்போம். அந்தச் சேவை நின்றாலோ பெயர் மாறினாலோ போன் வேறு யாரிடமும் விலாசம் கேட்காது. வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் ஒரே நேரத்தில் இணையம் போய்விடும். இரண்டிலும் போனால் இதை முதலில் பாருங்கள். "தானியங்கு" என்று மாற்றினால் போதும். கணினியில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் "பாதுகாப்பான டிஎன்எஸ்" என்று ஓர் அமைப்பு தனியாக உண்டு. அதில் தவறான சேவை இருந்தால் அந்த ஒரு பிரவுசரில் மட்டும் எதுவும் திறக்காது, மற்றதெல்லாம் ஓடும்.

சுருக்கம் இவ்வளவுதான்: பெயருக்கு எண் கிடைக்காவிட்டால் லைன் இருந்தும் பக்கம் திறக்காது. பிழைச் செய்தி அதை நேராகவே சொல்கிறது. நாம்தான் அந்தச் சின்ன எழுத்தைப் படிப்பதில்லை.

## வாசல் பலகையும் தப்பான தேதியும்

விலாசம் கிடைத்து, பிரவுசர் போய்ச் சேர்ந்துவிட்டது. உள்ளே நுழையும் முன் அது ஒன்றைச் சரிபார்க்கிறது. எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் தளங்கள், "நான் இன்னார்தான்" என்று காட்டும் ஒரு டிஜிட்டல் ஆவணத்தை வைத்திருக்கும். அதுதான் சான்றிதழ். அதில் தளத்தின் பெயரும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் இருக்கும். நம்பகமான ஒரு நிறுவனம் அதற்குக் கையெழுத்திட்டிருக்கும்.

இப்போது உங்கள் கணினியின் கடிகாரம் சில ஆண்டுகள் பின்னால் ஓடுகிறது என்று வையுங்கள். மண்டபத்தில் நடப்பது சரியான கல்யாணம்தான். ஆனால் உங்கள் காலண்டர் தப்பு. பிரவுசரைப் பொறுத்தவரை பலகையில் உள்ள தேதி இன்னும் வரவே இல்லை, அதனால் உள்ளே போக மறுக்கிறது. ஒரு தளம் அல்ல, ஏறக்குறைய எல்லாத் தளங்களும் ஒரே நேரத்தில் "தனிப்பட்டதல்ல" என்று எச்சரிக்கும். குரோம் சில சமயம் உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடும்.

மேசைக் கணினியில் இது திரும்பத் திரும்ப நடந்தால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்டமான சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. தேதியைத் திருத்தி, பேட்டரியை மாற்றினால் "இணையம்" திரும்பி வந்துவிடும். கட்டுரையின் தொடக்கத்தில் ஃபார்மட் பற்றிச் சொன்னேனே, அது இந்தக் கோளாறுதான்.

பழைய போன்களில் வேறொரு சிக்கல். கையெழுத்திடும் நிறுவனங்களில் யாரை நம்பலாம் என்ற பட்டியல் கருவிக்குள்ளேயே இருக்கிறது. கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் மூலச் சான்றிதழ், ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களின் பட்டியலில் இல்லை. வேறொரு பழைய கையெழுத்தின் துணையோடு சில ஆண்டுகள் ஓடியது. 2024 செப்டம்பர் இறுதியில் அந்தத் துணையும் காலாவதியானது. ஃபயர்ஃபாக்ஸ் தன் நம்பிக்கைப் பட்டியலைத் தானே கொண்டுவருவதால், அப்படிப்பட்ட போனில் அதில் மட்டும் தளம் திறக்க வாய்ப்பு உண்டு.

ஓர் எச்சரிக்கை. தேதி சரியாக இருக்கும்போது ஒரே ஒரு தளத்தில், அதிலும் வங்கித் தளத்தில் இந்தச் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால், "பரவாயில்லை, தொடர்" என்று அழுத்திப் போய்விடாதீர்கள். விலாசம் ஒன்று, வாசலில் நிற்பவர் வேறொருவர் என்பதைத் தடுப்பதற்காகத்தான் இந்தச் சோதனையே இருக்கிறது.

## ரயில் நிலையம், விடுதி, மருத்துவமனை

பொது இடத்து வைஃபையில் சேர்ந்ததும் போன் எண் கேட்டு, ஓடிபி அனுப்பி, அதன் பிறகே விடுவார்கள். அந்த அனுமதிப் பக்கத்துக்கு கேப்டிவ் போர்ட்டல் என்று பெயர். நீங்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வழியில் மறித்துத் தன் பக்கத்தைக் காட்ட அது முயலும். பிரச்சினை என்னவென்றால், எச்டிடிபிஎஸ் தளத்தை அப்படி மறித்தால் சான்றிதழில் பெயர் பொருந்தாது. பிரவுசர் அதை மோசடி என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடும். அனுமதிப் பக்கம் வரவே வராது, வெள்ளைத் திரையோ எச்சரிக்கையோதான் மிஞ்சும்.

வழி இருக்கிறது. பாதுகாப்புப் பூட்டு இல்லாத, வெறும் எச்டிடிபி தளம் ஒன்றைத் திறந்தால் மறிப்பது தடையில்லாமல் நடந்து அனுமதிப் பக்கம் வந்துவிடும். இதற்காகவே நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஒரு தளம் இருக்கிறது. அல்லது வைஃபையை மறந்துவிட்டு மறுபடி சேருங்கள். போனே "உள்நுழையவும்" என்று கேட்கும். அந்தச் சமயத்தில் விபிஎன்னும் (உங்கள் போக்குவரத்தை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் ஏற்பாடு), மேலே சொன்ன தனிப்பட்ட டிஎன்எஸ்ஸும் அணைந்திருக்கட்டும்.

## கையில் கொடுத்தனுப்பிய மொய்

நேரில் போகாமல் மொய்க் கவரை ஒருவரிடம் கொடுத்தனுப்பினால், அவர் போனால்தான் கவர் போய்ச் சேரும். ப்ராக்ஸி அப்படித்தான். உங்கள் பிரவுசரின் கோரிக்கைகளை எல்லாம் வாங்கி, உங்கள் சார்பில் அனுப்பும் இடையாள் சர்வர் அது. கல்லூரி, அலுவலக வலையமைப்பில் அதைப் போட்டிருப்பார்கள். அதே லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அந்த இடையாள் இங்கே இல்லை. குரோமும் எட்ஜும் சேர்ந்தே முடங்கும், ப்ராக்ஸியைப் பொருட்படுத்தாத செயலிகள் ஓடும். பிழைச் செய்தியிலும் ப்ராக்ஸி என்ற சொல் வரும். விண்டோஸ் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், கைமுறை ப்ராக்ஸியை அணைத்துவிடுங்கள். நீங்கள் போடாத ப்ராக்ஸி அங்கே இருந்தால், தீங்கு மென்பொருள் போட்டிருக்கலாம். வைரஸ் சோதனை செய்துவிடுங்கள்.

விபிஎன் பாதியில் அறுந்து தொங்குவது, ஆன்டிவைரஸ் எச்டிடிபிஎஸ் போக்குவரத்தைத் தானே திறந்து பார்க்க முயல்வது, ஒரு எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் தடுப்பது இவையும் இதே ரகம். எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசரோடு நாம் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல். நீங்களாக அனுமதி கொடுக்காவிட்டால் அவை மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்தில் இயங்குவதில்லை. அங்கே திறக்கும் பக்கம் சாதாரணச் சாளரத்தில் திறக்கவில்லை என்றால், எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். கேஷை அழிப்பதும் பயன்படுவது இந்த நிலையில்தான்.

## பிரவுசரே குற்றவாளி ஆன நாள்

அரிதாக, பழி உண்மையிலேயே பிரவுசர் மேல் விழும். 2022 ஜனவரி 13 அன்று உலகம் முழுவதும் ஃபயர்ஃபாக்ஸ் திடீரென எந்தப் பக்கத்தையும் திறக்க மறுத்தது. அதே கணினியில் குரோம் நன்றாக ஓடியது. ஃபயர்ஃபாக்ஸ் பின்னணியில் தொடர்புகொள்ளும், அதை உருவாக்கும் மொஸில்லாவின் சில சேவைகள், கூகுள் வாடகைக்குத் தரும் சர்வர்களான கூகுள் கிளவுடில் இருந்தன. அங்கே செய்யப்பட்ட ஒரு மாற்றத்தால் எச்டிடிபி/3 என்ற புதிய பரிமாற்ற முறை இயங்கத் தொடங்கியது. அந்த முறையைக் கையாளும் ஃபயர்ஃபாக்ஸ் நிரலில் ஒரு பிழை தூங்கிக்கொண்டிருந்தது: தரவோடு சேர்ந்து போகும் ஒரு தலைப்புச் சொல்லில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை அது தவறாகக் கையாண்டு, முடிவில்லாச் சுழலில் மாட்டிக்கொண்டது. பிரவுசரின் எல்லா இணையக் கோரிக்கைகளும் அந்த ஒரே பாதையில் போவதால் மொத்தமும் நின்றது. அந்த மாற்றத்தை நிறுத்திய பிறகு, பிரவுசரை மூடித் திறந்தவர்களுக்குச் சரியானது.

அன்று நீக்கிவிட்டு மறுபடி போட்டவர்களுக்கும் பலன் இருந்திருக்காது, ஏனென்றால் புதிதாகப் போட்டதும் அதே பிழையோடுதான் வரும். ஒரு பிரவுசர் மட்டும் ஓடவில்லை என்றால் வேறொன்றை வைத்து வேலையைப் பாருங்கள், கொஞ்ச நேரம் பொறுங்கள்.

## அந்தப் பக்கமே படுத்துவிட்டால்

404, 500, 503 போன்ற எண்களோடு ஒரு பிழைப் பக்கம் வந்தால், உங்கள் இணையம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. மறுமுனையிலிருந்து ஒரு சர்வர் உங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. 404 என்றால் அந்தப் பக்கம் இல்லை. 500-களில் வருவது சர்வரின் உள்கோளாறு. 2025 நவம்பர் 18 மாலை சாட்ஜிபிடி, எக்ஸ் உட்படப் பல தளங்கள் ஒன்றாக இப்படி முடங்கின, அவற்றுக்கு முன்னால் நிற்கும் கிளவுட்ஃப்ளேரின் உள்கோளாறால். வீட்டில் ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதில் மாற்றம் வந்திருக்காது.

2021 அக்டோபர் 4 இரவு நடந்தது இன்னும் விசித்திரம். ஃபேஸ்புக் நிறுவனத்தில் பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அதன் உள்வலையமைப்பைத் துண்டித்தது. அதன் விளைவாக ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றின் விலாசத்தைச் சொல்லும் அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியே இணையத்திலிருந்து மறைந்தது. ஏறக்குறைய ஆறு மணி நேரம். வாட்ஸ்அப்பையே இணையம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அன்று "நெட்டே போச்சு"; கூகுளைத் திறந்து பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்தது.

## புகார் கொடுக்கும்போது

சோதனை முடிந்து, கோளாறு லைனில்தான் என்று தெரிந்தால், இணைய நிறுவனத்தை அழைத்து "நெட் வரலை" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வதில் தொடங்கி எல்லாம் முதலிலிருந்து வரும். "எல்ஓஎஸ் விளக்கு காலையிலிருந்து சிவப்பாக எரிகிறது, இங்கே இழை மடங்கவில்லை" என்று சொன்னால் லைன்மேன் வர வேண்டிய வேலை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். "விளக்கு பச்சை, லேப்டாப், போன் இரண்டிலும் ஒரே நிலை, 8.8.8.8-க்கு பிங் பதில் வருகிறது, பெயர்கள் மட்டும் திறக்கவில்லை, வேறு டிஎன்எஸ் போட்டால் திறக்கிறது" என்றால் யாரும் உங்கள் வீட்டுக்கு வரவே வேண்டியதில்லை, அவர்களுடைய டிஎன்எஸ் சர்வரைப் பார்க்க வேண்டும். புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, எந்த நேரத்திலிருந்து வரவில்லை என்பதையும் பதியச் சொல்லுங்கள்.